நடந்தும் குறையாத தொப்பை: நடை எவ்வளவு, பளு எவ்வளவு?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: வயது 43, உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 69 கிலோ, இடுப்பு 38 அங்குலம். நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை. நாலு மாதமாகத் தினமும் காலையில் 45 நிமிடம் பூங்காவில் நடை. எடை ஒரு கிலோதான் இறங்கியிருக்கிறது, தொப்பை அப்படியே இருக்கிறது. ஜிம்மில் சேர வேண்டுமா? 10,000 ஸ்டெப்ஸ் ஆக்கினால் போதுமா? இல்லை, "வீட்டு வேலையைச் செய்தாலே உடம்பு இளைக்கும்" என்று வீட்டில் சொல்வது சரிதானா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். நடையை விடாதீர்கள். உங்கள் வாரத்தில் இல்லாதவை இரண்டு. ஒன்று, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பளு கொடுப்பது. இன்னொன்று, அந்த 45 நிமிடம் போக மீதி நேரத்தில் அடிக்கடி எழுந்து நடமாடுவது. நாள் முழுக்க நடமாடுவதும் திட்டம் போட்டுச் செய்யும் பயிற்சியும் உடம்புக்குள் வேறு வேறு வேலை செய்கின்றன. ஒன்றை இரட்டிப்பாக்கினால் இன்னொன்றின் குறை தீராது. ஜிம் கட்டாயம் இல்லை.

முதலில் உங்கள் எண்கள். இந்த உயரத்துக்கும் எடைக்கும் பிஎம்ஐ கணக்குப் போட்டால் ஏறக்குறைய 24.5 வருகிறது. பொதுவான உலக அளவுகோலில் 25-க்குக் கீழே இருந்தால் சரியான எடை. போனில் இருக்கும் ஆப் பச்சை நிறம் காட்டி வாழ்த்தும். ஆனால் இந்தியர்களுக்கென்று வகுத்த வரம்பில் 23-ஐத் தாண்டினாலே அதிக எடை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் 38 அங்குலம் 96 செ.மீ.யைத் தாண்டுகிறது.

நமக்கு மட்டும் ஏன் தனி வரம்பு என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு படத்தைத்தான். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யட்கினும் அருகருகே நிற்கும் படம். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. உடலில் இருக்கும் கொழுப்பை அளந்து பார்த்தால் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். உயரத்துக்கு எடை என்ற கணக்கு ஒன்றே, உள்ளே இருப்பது வேறு. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்று நம் தெருவில் பார்க்கும் பாதிப் பேரின் உடம்பு இதுதான். இப்படிப்பட்டவருக்குக் கொழுப்பு அதிகம் என்பது பாதிப் பிரச்சினை. தசை குறைவு என்பது மறுபாதி. எடை மெஷினுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

சரி, நடைக்கு வருவோம். 69 கிலோ உள்ள ஒருவர் 45 நிமிடத்தில் 4 கி.மீ. நடந்தால், அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்துவிட்டுப் பார்க்கையில், கூடுதலாகச் செலவாவது சுமார் 150 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஆக, காகிதத்தில் நாலு மாதத்துக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இறங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு ஒன்று இறங்கியிருக்கிறது. மீதி எங்கே போனது?

ஒரு பங்கு பூங்கா வாசலிலேயே போய்விடும். நடை முடிந்து அருகம்புல் ஜூஸ், அப்புறம் நண்பர்களோடு ஒரு மெதுவடை, சர்க்கரை போட்ட காபி. வடையும் காபியும் சேர்ந்தாலே 150-ஐத் தாண்டிவிடும். அருகம்புல் பாவம், அதன் மேல் குற்றமில்லை. இன்னொரு பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. காலையில் நடந்த தைரியத்தில் மாலையில் கடைக்கு வண்டி எடுப்போம், லிஃப்ட்டில் ஏறுவோம், ஞாயிற்றுக்கிழமை சோபாவை விட்டு எழ மாட்டோம். உடம்பும் தன் பங்குக்குச் சிக்கனம் பிடிக்கும். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் அன்றாட ஆற்றல் செலவை ஹெர்மன் பாண்ட்சர் குழு அளந்து 2012-இல் வெளியிட்டது. நாள் முழுக்க நடக்கிற அவர்களும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேற்கத்தியர்களும், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் ஏறக்குறைய ஒரே அளவு கலோரிதான் செலவழிக்கிறார்கள். உடற்பயிற்சியை மட்டும் வைத்து எடையைக் குறைக்கப் பார்ப்பவர்கள் ஏமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சாப்பாட்டைத் தொடாமல் எடை பெரிதாக இறங்காது.

அதற்காக நடை வீண் என்று நினைக்க வேண்டாம். எடை அசையாவிட்டாலும், ஒழுங்காக மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்யும் நடை, ஓட்டம், சைக்கிள் போன்றவை குடலையும் கல்லீரலையும் சுற்றி இருக்கும் ஆழக் கொழுப்பைக் குறைக்கின்றன. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆபத்தானது அந்தக் கொழுப்புதான். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். எடை மெஷின் சொல்லாததை அது சொல்லும். ஆனால் பேசிக்கொண்டும் போனைப் பார்த்துக்கொண்டும் உலாத்துவது இந்தக் கணக்கில் சேராது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் மிதமான வேகம்.

நடை நேரம் போக மீதி நாளில்தான் பெரிய சுரங்கம் இருக்கிறது. எழுவது, நிற்பது, மாடி ஏறுவது, துணி காயப்போடுவது, போன் பேசிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடப்பது என்று பயிற்சி என்ற பெயரில் வராத எல்லா அசைவும் சேர்ந்து ஒரு நாளில் எரிக்கும் கலோரி, ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவின் 1999-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். 16 பேருக்கு எட்டு வாரம், தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பாடு. எல்லாருக்கும் ஒரே அளவு அதிகம். ஆனால் ஒருவருக்குக் கூடிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். பெரிய அளவில் வித்தியாசம் செய்தது இந்தப் பெயரில்லாத அசைவுகள்தான். சிலர் தங்களை அறியாமலே அதிகமாக நடமாடத் தொடங்கியிருந்தார்கள். 2005-இல் அதே குழு, ஒல்லியானவர்களையும் பருமனானவர்களையும் உடம்பில் கருவி மாட்டிக் கவனித்தது. பருமனானவர்கள் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லியானவர்களைப் போல நடமாடினால் நாளுக்குச் சுமார் 350 கலோரி கூடுதலாகச் செலவாகும் என்று கணக்கிட்டார்கள். உங்கள் காலை நடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இது.

நம் நாட்டிலேயே இதற்கு முன்னோடியான ஆய்வு ஒன்று உண்டு. 1956-இல் ஜான் மேயரும் உடன் பணியாற்றியவர்களும் மேற்கு வங்காளச் சணல் ஆலையில் 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் வேலையின் கடுமையையும் பதிவு செய்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள், எடை ஏறவில்லை. இலேசான வேலை செய்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அவர்களுக்கும் எடை ஏறவில்லை. உட்கார்ந்தே இருந்த மேற்பார்வையாளர்களும் கடைக்காரர்களும் மட்டும் அசைவு குறைந்தும் பசி குறையாமல், இலேசான வேலைக்காரர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியிருந்தது. அதாவது ஓர் அளவுக்குக் கீழே அசைவு போய்விட்டால் பசியின் கணக்கே தப்பிவிடுகிறது. பத்து மணி நேரம் கணினி முன்னால் இருக்கும் எவருக்கும் மதியம் மூன்றரை மணிக்கு வரும் பசி எந்த வகை என்று தெரிந்திருக்கும்.

அப்படியானால் 10,000 ஸ்டெப்ஸ்? அந்த எண் மருத்துவரிடமிருந்து வந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற அடி எண்ணும் கருவியின் பெயர் 'மன்போ-கெய்', பத்தாயிரம் அடி மீட்டர். விளம்பரம் ஊன்றிவிட்டது. 2019-இல் வெளிவந்த, வயதான அமெரிக்கப் பெண்கள் பற்றிய பெரிய ஆய்வில், நாளுக்கு 4,400 ஸ்டெப்ஸ் நடந்தவர்களுக்கே 2,700 நடந்தவர்களைவிட இறப்பு தெளிவாகக் குறைந்தது, 7,500 அளவில் அந்த நன்மை சமதளத்துக்கு வந்துவிட்டது. இது ஆயுள் பற்றிய கணக்கு, தொப்பை பற்றியதல்ல. உங்களுக்கு நான் சொல்வது: இப்போது சராசரி எவ்வளவு என்று ஒரு வாரம் பாருங்கள், அதற்கு மேல் 2,000 சேருங்கள். அதைக் காலை நடையில் சேர்க்காமல் பகலில் சேருங்கள்.

எப்படி? சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் நடை, மூன்று வேளையும். சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இது நேரடியாகக் குறைக்கிறது. இட்லி, சோறு, தோசை என்று வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கம் இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். இரண்டு லிட்டர் பாட்டிலை மேசையில் வைக்காமல், சின்ன டம்ளரில் தண்ணீர் எடுக்கப் போய்வருவது ஒரு வழி. போன் வந்தால் எழுந்து நில்லுங்கள்.

வீட்டு வேலை பற்றி வீட்டில் சொன்னதில் பாதி உண்மை. குனிந்து தரை துடைப்பது, ஒட்டடை அடிப்பது, மாடிக்குத் துணி தூக்கிப்போவது எல்லாம் நடைக்குச் சமமான உழைப்பு. உங்கள் வீட்டில் அதைச் செய்கிறவர் யார் என்பதும் ஒரு கேள்விதான். பகிர்ந்துகொண்டால் இரண்டு பேருக்கும் நல்லது. ஆனால் அடுப்பு முன்னால் நிற்பது உட்கார்வதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணற்றடியும் இருந்த காலத்துக் கணக்கை மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் வந்த பிறகும் சொல்ல முடியாது. அதோடு இன்னொரு குறை. வீட்டு வேலையின் பளு கூடுவதில்லை. பத்து வருடமாக அதே வாளி, அதே துடைப்பம். முதல் மாதத்தில் பழகிய தசை அதற்கு மேல் வளரக் காரணம் இல்லை. வீட்டு வேலை செய்தே சோர்ந்துபோகும் பெண்களுக்குக் கை கால் வலு குறைவாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

இங்கேதான் திட்டமிட்ட பயிற்சி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பதை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப் பயிற்சி என்ற அடுத்த வரியைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. நீங்களும் முதல் வரியை முடித்துவிட்டீர்கள், இரண்டாவதில் பூஜ்யம்.

தசை வளர்த்தால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்று ஜிம் விளம்பரங்கள் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. இரண்டு கிலோ தசை ஏற்றினாலும் ஒரு பிஸ்கட்டுக்குக் காணாது. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கும்போது, இறங்கும் எடையில் கால் பங்கு வரை தசையாகவே போய்விடக்கூடும். ஏற்கெனவே தசை குறைவாக இருக்கும் நம் போன்ற உடம்புக்கு இது பெரிய நஷ்டம். பட்டினி கிடந்து ஆறு கிலோ குறைத்தவர்கள் கன்னம் ஒட்டி, தோள் சரிந்து, தொப்பை மட்டும் மிச்சமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தசைக்கு வாரம் இரண்டு முறை பளு கொடுத்தால், உடம்பு அதை வைத்துக்கொண்டு கொழுப்பை எடுத்துக் கொடுக்கிறது. அதோடு, சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவு உள்ளே இழுத்து வைத்துக்கொள்வதும் தசைதான்.

வீட்டிலேயே தொடங்கலாம். நாற்காலி உட்கார்ந்து எழுதலில் ஆரம்பிப்போம். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கனமான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரல்களைச் சற்று வெளியே திருப்பி, கைகளை முன்னால் நீட்டி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குங்கள். பின்புறம் நாற்காலியைத் தொட வேண்டும், உட்காரக் கூடாது. உடனே எழுந்துவிடுங்கள். முதல் நாள் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: முக்கால் தூரம் அழகாக இறங்கி, கடைசி நாலு அங்குலத்தில் தொப்பென்று விழுவார்கள். அந்த நாலு அங்குலத்தில்தான் உங்கள் தொடையில் வலு இல்லை. அப்படி விழுந்தால் நாற்காலி மேல் ஒரு தடித்த தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், வாரம் போகப்போக எடுத்துவிடலாம். குதிகால் தரையிலிருந்து எழுகிறதா, முழங்கால் இரண்டும் உள்ளே சாய்கின்றனவா என்பதை மட்டும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

பளு கூட்டுவதற்குக் கைப்பிடி வைத்த 5 லிட்டர் தண்ணீர் கேன் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு லிட்டர் ஊற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதே உட்கார்ந்து எழுதல், 12 தடவை எளிதாக வந்தால் அடுத்த வாரம் மூன்று லிட்டர். இதே கேனைத் தரையில் வைத்து, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் இடுப்பை நோக்கி இழுத்தால் முதுகுக்கு வேலை. தள்ளும் பயிற்சிக்குத் தண்டால் இருக்கிறது. முதலில் சுவரில் கை வைத்து, அப்புறம் சமையல் மேடை, அப்புறம் கட்டில் விளிம்பு, கடைசியில் தரை. நாலாவதாக, இடுப்பைப் பின்னால் தள்ளி முதுகை நேராக வைத்துத் தரையிலிருந்து கனம் தூக்குவது. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் இருபது கிலோ, அதை எடுத்தவுடன் தொடாதீர்கள், சில மாதம் கழித்து அதைத் தூக்க முடிவதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்று, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முக்கியமான விதி ஒன்று உண்டு. சுற்று முடியும்போது "இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும்" என்ற நிலை இருக்க வேண்டும். "இன்னும் இருபது போடலாம்" என்றால் அது வலுப் பயிற்சி ஆகாது. கனம் இலேசாக இருந்தாலும் அந்த எல்லைக்கு அருகில் போனால் தசை வளரும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். நம் பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் மட்டுமே வைத்து உடம்பை ஏற்றினார்கள். அங்கே ஏசியும் கண்ணாடியும் இல்லை, எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

ஜிம்முக்குப் போக வசதி இருந்தால் போங்கள், பளுவை நுணுக்கமாகக் கூட்ட அங்கே எளிது. சேர்ந்துவிட்டு டிரெட்மில்லில் மட்டும் நடப்பதற்குப் பூங்காவே மேல், இலவசம்.

தொப்பைக்கென்று தனியாக நூறு வயிற்றுப் பயிற்சி வேண்டாம். எந்தத் தசையை ஆட்டுகிறோமோ அதன் மேலிருக்கும் கொழுப்பு கரையும் என்பது நடக்காத காரியம். டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் 1971-இலேயே அளந்து பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கையில் தசை பெரிது, தோலுக்கடியில் கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஒன்றே.

சாப்பாட்டைப் பற்றி இரண்டே விஷயம். வடை, இனிப்பு, மாலை நொறுக்கு, ராத்திரிச் சோறு இவற்றில் எங்கிருந்தாவது 300 கலோரி குறையுங்கள், அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். புரதத்தைக் கூட்டுங்கள். பளு தூக்குகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் என்பது நல்ல அளவு, உங்களுக்கு 80 கிராமுக்குக் குறையாமல். ஒரு முட்டையில் 6 கிராம், நாலு இட்லியில் 8 கிராம் போல. இட்லிக்குச் சாம்பார் இருக்கிறதே என்பீர்கள், அந்தச் சாம்பாரில் பருப்பு எவ்வளவு மிதக்கிறது என்று கரண்டியை விட்டுப் பாருங்கள். முட்டை, மீன், கோழி, சுண்டல், தயிர், பனீர், சோயா என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்று இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்ட வேண்டும்.

"வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, மெட்டபாலிசம் படுத்துவிட்டது" என்ற சமாதானம் இனி செல்லாது. 2021-இல் ஆயிரக்கணக்கானவர்களின் தரவை வைத்து வந்த ஆய்வில், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் 20 வயதிலிருந்து 60 வயது வரை ஆற்றல் செலவு பெரிதாக மாறவில்லை.

எடையைத் தினமும் பார்த்து மனம் நோக வேண்டாம். ஜிம்களில் ஏறி நின்றால் கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின், குடித்த தண்ணீருக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்துக் காட்டும். அதன் ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை. தையல் டேப் ஒன்று வாங்கி, காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில் அளந்து எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். பக்கத்திலேயே கேனில் எத்தனை லிட்டர், எத்தனை தடவை என்றும் எழுதுங்கள். முதல் ஒன்றரை மாதம் பளு ஏறும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நரம்புகள் தசையை இயக்கப் பழகும் காலம் அது. இரண்டு மூன்று மாதத்தில் தோளிலும் தொடையிலும் மாற்றம் தெரியும். எடை அதே 69-இல் நின்று இடுப்பு இரண்டு அங்குலம் இறங்கினால் அதுதான் நீங்கள் கேட்ட பலன்.

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள். இரத்த அழுத்தம் இருந்தால் தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். இன்சுலின் அல்லது சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருந்து அளவை மருத்துவரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தசை வலி இரண்டு நாளில் போகும், மூட்டுக்குள் குத்தும் வலி போகாவிட்டால் காட்டுங்கள்.

காலையில் அந்த 45 நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை என்றால், ஐந்து நாள் நடை, செவ்வாயும் வெள்ளியும் நடைக்குப் பதில் கேன். நடையில் இழந்த அந்த இரண்டு நாளைச் சாப்பாட்டுக்குப் பிறகான பத்துப் பத்து நிமிடங்கள் ஈடுகட்டிவிடும்.